ராக்கம்மா இறக்காத கூடை

ஹுன்னஸ்கிரியச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிரதீஸ் லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான். ஈரச் சாக்கும் தேயிலைக் கொழுந்தும் சாணமும் கலந்த அந்த மலை வாடை அவனுக்கு ஆகாது. தன் புதிய படத்துக்கு எழுதிய முன்னுரையில் அதே வாடையை ‘என் மண்ணின் மூச்சு’ என்று அவன் வர்ணித்திருந்தான். அதை எழுதியது கட்டுகஸ்தோட்டை வீட்டில், கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு.

த்ரீவீல்காரன் சாமான்களை ஏற்றினான். மேல்பக்கம் கண்ணாடியும் உள்ளே பல்பும் வைத்த ஒரு மரப்பெட்டி. மெல்லிய தாள் கட்டுகள். பென்சில், தூரிகை, மை, வர்ணக் கட்டிகள். பிரதீஸ் கையால் வரைந்து படம் அசைக்கிறவன். தாளைக் கண்ணாடியில் வைத்து, பல்பு வெளிச்சத்தில் முந்திய தாள் மங்கலாகத் தெரிய, அதைவிட ஒரு நூலளவு நகர்த்தி அடுத்ததை வரைய வேண்டும். அப்படி வரைந்தவற்றை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வரிசையாக ஓட்டினால் காகித மனிதர்கள் நடப்பார்கள். இதையே கம்ப்யூட்டரில் செய்கிறவர்களை அவன் பட்டன் தட்டும் பயல்கள் என்பான். மற்றவர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிப் பழகாத வாய் அது.

அவனுடைய முந்திய படம் வெளிநாட்டு விழா ஒன்றிலிருந்து திரும்பி வந்திருந்தது. உங்கள் மனிதர்கள் அழகாக இருக்கிறார்கள், ஆனால் உடம்பில் கனமே இல்லை, காற்றில் மிதக்கிறார்கள் என்று நடுவர்கள் ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரி அவனைச் சரியாகச் சாப்பிட விடவில்லை. இந்த முறை கனம் வேண்டும். பார்க்கிறவனுக்கே மூச்சு வாங்க வேண்டும். அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தான். ஏற்கனவே செய்தும் இருந்தான்.

பூட்டிக் கிடந்த பழைய கிளாக்கர் பங்களாவைத் தோட்டத்தில் பேசி வாடகைக்கு எடுத்திருந்தான். தகரக் கூரையில் பாசி. வராந்தாவில் காவல்காரர் பொன்னையா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவனுடைய அப்பா வயது அவருக்கு.

“சேர் வாங்க. தண்ணி சுட வச்சிருக்கேன்.”

“பெட்டியப் பாத்து எறக்கு. கண்ணாடி இருக்கு” என்றான் பிரதீஸ்.

பொன்னையா பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். போகாமல் நிலைப்படியில் நின்றார்.

“ராக்கம்மா தவறிப்போச்சு சேர்.”

“எந்த ராக்கம்மா?”

நடிப்பில்லை, உண்மையாகவே அவனுக்குப் பெயர் மறந்துவிட்டது.

“சேர் போன தடவ வந்து மேட்டுல நடக்க வச்சீங்களே. அதுதான்.”

“ஓ.” பிரதீஸ் ஒரு கணம் யோசித்தான். “நல்ல வேள, எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாச்சு.”

பொன்னையா அவனை ஒரு பார்வை பார்த்தார். சுட வைத்த தண்ணீரைக் கொண்டுவந்து தரவே இல்லை. அப்படியே மலையிறங்கிப் போய்விட்டார்.

எடுக்க வேண்டியதை அவன் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அந்த மலையில் இப்போதெல்லாம் பிரம்புக் கூடை சுமப்பார் இல்லை. நைலோன் பைதான். ஆனால் நைலோன் பையைப் பார்த்து எந்த வெள்ளைக்காரன் கண் கலங்குவான்? கண்டி டவுனில் உல்லாசப் பயணிகளுக்கு யானை பொம்மை விற்கும் கடையொன்றில் ஒரு கூடையை வாங்கிக்கொண்டு வந்தான் பிரதீஸ். வேலையை விட்டு வருஷக்கணக்காகத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த ராக்கம்மாவைக் கூப்பிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, பங்களாவுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறச் சொன்னான். கிழவி பூனை மாதிரி ஏறிவிட்டாள். கூடைக்குள் நாலு கைப்பிடிக் கொழுந்துதானே இருந்தது. கனம் எங்கிருந்து தெரியும்?

எனவே அடியில் கல்லைப் போட்டான். மேலே கொழுந்தைப் பரப்பினான். பிறகு தெரிந்தது கனம். கழுத்து நரம்பு புடைத்தது. முழங்கால் நடுங்கியது. தூறல் வேறு நல்லபடியாகப் பிடித்துக்கொண்டது. அவன் பரவசத்தில் கமராவில் எடுத்தபடியே “இன்னொருக்கா” என்றான். உச்சிக்குப் போய், “சேர், கொஞ்சம் எறக்கி வச்சிட்டு” என்று அவள் ஆரம்பித்த ஒவ்வொரு முறையும், “எறக்கினா மூச்சு மாறிரும், அப்பிடியே கீழ வந்து இன்னொருக்கா” என்றான். வெளிச்சம் போனதும் கமராவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. தொழிலாளர் துயரத்தைப் படமாக்குகிறவனுக்குக் கடைசி பஸ்ஸைத் தவற விட முடியுமா?

மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கினான். மலை முழுதும் மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரம்கூடத் தெரியவில்லை. அறையில் இருந்த ஒரே வெளிச்சம் கண்ணாடிக்குக் கீழே எரிந்த பல்புதான். நிழலுக்குத் தூரிகையால் கடும் சாயத் தேயிலைத் தண்ணீரைத் தொட்டுத் தடவினான். வர்ணத்துக்குப் பதில் தேயிலை! இதை முன்னுரையில் சேர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் வரைந்தது ஒரே ஒரு சுற்று. வலக்கால் எழும்பி, ஊன்றி, இடக்கால் எழும்பி, ஊன்றி, திரும்ப வலக்கால் எழும்பும் இடத்தில் கடைசித் தாள் முதல் தாளோடு சேர்ந்துவிடும். பிறகு அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். ஒரு கைப்பிடித் தாளில், படம் ஓடும் வரைக்கும் ராக்கம்மா மேடு ஏறிக்கொண்டிருப்பாள். அவளுக்கு உச்சியும் கிடையாது, இறக்கமும் கிடையாது. உள்ளதைச் சொன்னால் வரைகிற வேலையை மிச்சப்படுத்தும் தந்திரம் இது. முன்னுரையில் இதற்குப் பெயர் ‘முடிவற்ற உழைப்பின் குறியீடு’.

மதியத்துக்குள் தாள்களை விரலிடுக்கில் பிடித்துச் சரசரவென்று விட்டுப் பார்த்தான்.

கிழவி ஏறினாள்.

அப்பா, என்ன கனம்! ஒவ்வொரு அடியிலும் தாளே அழுந்துவது போலிருந்தது. பிரதீஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனைவி டிலானிக்கு போன் போட்டு, “இந்தத் தடவ கட்டாயம் எடுப்பாங்க” என்றான்.

“என்னங்க படம்? யாரு வர்றது அதுல?” என்று டிலானி ஆசையாகக் கேட்டாள்.

“சொன்னா உனக்கு விளங்காது.” வைத்துவிட்டான். டிலானி அரசாங்கக் கச்சேரியில் கிளாக் வேலை பார்ப்பவள். பானை சட்டிக்கும் ஃபைலுக்கும் வெளியே அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவன் தீர்ப்பு. கல்யாணமான நாளிலிருந்து வீட்டு அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான் என்பதெல்லாம் அவனுக்குச் சின்ன விஷயம்.

மறுபடியும் தாள்களை விட்டான். அப்போது ஒரு சத்தம் கேட்டது.

ம்ஹ்… ம்ஹ்…

பல்லைக் கடித்துக்கொண்டு மேடேறுகிறவர்கள் மூக்கால் விடும் மூச்சு. தாள் உரசும் சத்தமாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

தாள்கள் நின்ற பிறகும் ஒருமுறை கேட்டது.

பிற்பகலில் கதவைத் தட்டியது ராக்கம்மாவின் மகள் சுகிர்தா. மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். கொழுந்துச் சாறு பிடித்துக் கறுத்த விரல்களை முந்தானையில் துடைத்தபடி வராந்தாவிலேயே நின்றாள். அவன் உள்ளே வரச் சொல்லவுமில்லை.

“ஒங்க கூடைல இருந்த கல்லெல்லாம் எங்க லயத்து வாசல்ல கெடக்கு. வேணும்னா வந்து எடுத்துக்கங்க.”

பிரதீஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். “மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. வயசும் போயிருச்சுதானே அவங்களுக்கு.”

“வாசல் வரைக்கும் சொமந்துகிட்டே வந்துச்சு. அங்கதான் சாஞ்சுச்சு. கயிறு தலையிலயே இருந்துச்சு.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நான் சண்டைக்கு வரல. கனவுல வருது. எனக்கு மட்டுமில்ல, பக்கத்து லயத்துலயும் சொல்றாங்க. இன்னும் எறக்கல, எறக்கலன்னு சொல்லுதாம். நீங்க அதத்தான் வரையிறீங்களாம். பொன்னையா மாமா சொன்னாரு.”

“ஆமா. அதுக்கென்ன?”

“வெள்ளிக்கெழம கருமாதி. அதுக்குள்ள அம்மா கூடைய எறக்கி வச்ச மாதிரி ஒண்ணே ஒண்ணு வரைஞ்சு அந்தக் கட்டுல சேத்துருங்க. அது போதும்.”

பிரதீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தும் விட்டான்.

“இங்க பாரும்மா. இது ஒரு சுத்து. நடுவுல எறக்கி வச்சா சுத்து ஒடஞ்சிரும். படத்தோட கருத்தே போயிரும். அவங்க ஏறிக்கிட்டே இருக்கணும், அதான் விஷயம்.”

“எங்கம்மா ஏறிக்கிட்டே இருக்கணுமா?”

“அது உங்க அம்மா இல்ல. அது படம்.”

சுகிர்தா அவன் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். கண்ணாடி வெளிச்சத்தில் மேல் தாள் தெரிந்தது. குனிந்த தலை, கயிறு, கூடை.

“ஒங்களப் போல ஆளுக்குத்தான் அது வேற ஆளாத் தெரியும்” என்று சொல்லிவிட்டு வராந்தாவின் ஓரத்தில் காறித் துப்பினாள். பிறகு மெதுவாகப் படியிறங்கிப் பனிக்குள் போனாள்.

ஒரு தாள். அரை நாள் வேலைகூட இல்லை. வரைந்து கொடுத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தேயிலைக்காரி சொல்லித் தன் படத்தைத் திருத்தினான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. பிரதீஸுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

மழை கூரையில் விழத் தொடங்கியது. தாள்களைப் படம் பிடிக்க எடுத்துப் போகலாம் என்று கட்டைத் தூக்கினான்.

தூக்க முடியவில்லை.

ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தான். ஒட்டவில்லை. விரல் நுழைந்தது. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தான். கைப்பிடித் தாள்கள் அரை அங்குலம் எழும்பி மறுபடி விழுந்தன.

தொம்மென்று.

கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கீறல் ஓடியது.

பிரதீஸ் கதிரையில் உட்கார்ந்தான். ஈரம் பட்டால் தாள் கனக்கத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சொன்னான். படித்தவன் அல்லவா, காரணம் கண்டுபிடிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அறையில் நனைந்த சாக்கின் வாடை ஏறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் லேஞ்சியால் பொத்தினானே, அதே வாடை. இப்போது பொத்தினாலும் போகவில்லை.

மேல் ஓரத்தை மட்டும் விரலிடுக்கில் பிடித்து, தாள்களைச் சரசரவென்று விடப் பார்த்தான். விரலை எடுத்தான்.

ஒன்றும் விழவில்லை.

தாள்கள் அந்தரத்தில் வளைந்து நின்றன.

ம்ஹ்…

ஒரு தாள் விழுந்தது. ராக்கம்மாவின் வலக்கால் எழும்பியது.

ம்ஹ்…

இன்னொன்று விழுந்தது. கால் ஊன்றியது. மேசை முனகியது.

அவன் விரல் எதையும் தொடவில்லை. தாள்கள் அவன் வேகத்தில் இல்லை. அவள் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தன. அவன் வரைந்ததைவிட முதுகு தாழ்ந்திருந்தது. கயிறு நெற்றியில் பதிந்த இடத்தில் அவன் தடவாத ஒரு கருமை இருந்தது. கடைசித் தாள் விழுந்ததும் கட்டு தானாகவே மேலிருந்து தொடங்கியது. அவன் சேர்த்து வைத்த சுற்றுத்தானே, எங்கே நிற்கும்?

“நிறுத்து” என்றான் பிரதீஸ். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ம்ஹ்…

அப்போதுதான் அவன் ஒரு புதுத் தாளை எடுத்தான். இறக்கி வைத்த மாதிரி ஒன்று. இவ்வளவுதானே, வரைந்து தொலைக்கலாம். பென்சிலைத் தாளில் வைத்தான்.

கை நகரவில்லை. அதற்குப் பேய் காரணமில்லை. அவள் எப்படி இறக்குவாள் என்று அவனுக்குத் தெரியாது.

கமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். ஏறுகிறாள். ஏறுகிறாள். தூறலில் ஏறுகிறாள். நூற்றுக்கணக்கில் எடுத்தவன் அவள் இறக்குவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்க விடவில்லை. கனம் கனம் என்று அலைந்தவனுக்குச் சுமையின் பாதிதான் தெரிந்திருந்தது.

குத்துமதிப்பாக ஒன்று வரைந்தான். கூடை தரையில், கிழவி பக்கத்தில் நிமிர்ந்து. கட்டுக்குள் சொருகினான். தாள் விழுந்தது. அதில் கூடை அவள் முதுகில் இருந்தது.

குந்தி இறக்குவது போல் வரைந்தான். விழும்போது அவள் குந்தவில்லை, ஏறிக்கொண்டிருந்தாள்.

கூடையே இல்லாமல் வரைந்தான். தாள் விழ மறுத்தது. கீழேயிருந்து ஒரு மூச்சு வந்தது, பொறுமை போன மூச்சு. கண்ணாடியின் கீறல் இன்னும் ஒரு விரல் நீண்டது.

பிரதீஸ் செருப்புக்கூடப் போடாமல் மழைக்குள் ஓடினான்.

லயத்துப் பீலியில் சுகிர்தா வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கோலத்தைப் பார்த்தும் அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

“கூடைய எப்பிடி எறக்குவீங்க?”

“எதுக்கு?”

“வரையத்தான். நீ கேட்டதானே. நீங்க கேட்டீங்கதானே.”

நீ, நீங்க ஆகிவிட்டது. சுகிர்தா பீலியை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்.

“நெறஞ்ச கூடைய தனியா எறக்க ஏலாது. பின்னால ஒரு ஆளு வந்து, அடியில ரெண்டு கையும் குடுத்துத் தாங்கணும். அப்பதான் தலைக் கயித்த எடுக்கலாம். இல்லாட்டி கழுத்து முறிஞ்சிரும். மலையில நாங்க ஒருத்தருக்கு ஒருத்தர் தாங்குவோம். ஆளு இல்லாட்டி, ஆளு வரும் மட்டும் நிக்கணும்.”

“அன்னைக்கு அவங்க யாரையும் கூப்பிடலயா?”

“ஒங்களத்தான் கூப்பிட்டுச்சாம். பொன்னையா மாமா மாட்டுக் கொட்டில்ல இருந்து கேட்டிருக்காரு. அவரு ஏறி வர்றதுக்குள்ள நீங்க பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க. அம்மா மறுபக்கமா எறங்கிருச்சு.”

“எனக்குக் கேக்கல.”

கேட்டிருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

“அப்ப, பின்னால யார வரையணும்?”

“தாங்க வேண்டிய ஆள.” வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சுகிர்தா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பிரதீஸுக்கு விளங்கிவிட்டது. அவன் முட்டாள் இல்லை. வெட்கம்தான் கிடையாது. மேடேறி வரும்போதே முடிவு செய்துவிட்டான். தாங்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதானே? மகள் இருக்கிறாள். பெற்ற மகள் தாங்கட்டும். அவளுடைய முகம் மனதில் பச்சையாக இருக்கிறது. கறுத்த விரல்கள்கூட அச்சாக வரும்.

வரைந்தான். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவன் வரைந்ததில்லை. ராக்கம்மா நிற்கிறாள். பின்னால் சுகிர்தா குனிந்து, இரண்டு கையையும் கூடைக்கு அடியில் நீட்டுகிறாள். முந்தானை, விரல், காலடி எல்லாம் கச்சிதம். தேயிலைச் சாயத்தில் நிழலும் போட்டான். தாளைக் கட்டுக்குள் சொருகிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான்.

ம்ஹ்…

தாள்கள் விழுந்தன. அவள் ஏறினாள். ஏறினாள்.

நின்றாள்.

அவன் அவளை வரைந்த பிறகு முதல்முறையாக நின்றாள். கூடைக்கு அடியில் மகளின் கைகள் இருந்தன. மூச்சுச் சத்தம் ஓய்ந்தது. மழைச் சத்தம்கூட எங்கோ தள்ளிப் போனது போலிருந்தது. பிரதீஸ் மனதுக்குள் சிரித்தான். சமாளித்துவிட்டோம்.

கட்டுக்குள் அதுதான் கடைசித் தாள்.

இன்னொரு தாள் விழுந்தது.

அதில் ராக்கம்மா கழுத்தைத் திருப்பி மகளைப் பார்த்தாள்.

இன்னொன்று.

கிழவியின் கை மகளின் கைகளைக் கூடையிலிருந்து விலக்கியது. அடுப்புக்குப் பக்கத்தில் போகும் பிள்ளையின் கையைத் தட்டிவிடுவது போல, மெதுவாக.

இன்னொன்று.

தாளில் சுகிர்தா இல்லை. ராக்கம்மா மட்டும் இருந்தாள். மேட்டில் இல்லை. தாளின் ஓரத்தில், பெரிதாக, இந்தப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

இன்னொன்று விழுந்தபோது அது வெறும் தாளாக இருந்தது. மேடு இருந்தது, செடிகள் இருந்தன, கிழவி இல்லை.

பல்பு அணைந்தது.

ம்ஹ்.

இப்போது சத்தம் மேசையில் இல்லை. அவனுக்குப் பின்னால், அவன் முதுகை ஒட்டியிருந்த சுவரில் இருந்தது.

“சேர்,” என்றது ஒரு குரல், மரியாதையாக. “கொஞ்சம் புடிங்க.”

பொன்னையா கண்டுபிடிக்கும்போது விடிந்திருந்தது. பிரதீஸ் தரையில் நாலு காலில் நின்றபடி இருந்தான். அவர் எவ்வளவு கேட்டும் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று மட்டும் சொன்னான். மேசையில் கிடந்த தாள் கட்டை அவர் ஒரு கையால் தூக்கிப் பெட்டியில் போட்டார். வெறும் தாள் கனம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிரதீஸ் அதைப் பிரித்துப் பார்த்தான். எல்லாத் தாளிலும் ராக்கம்மா இருந்தாள். கூடை இல்லை. இடுப்பில் கைவைத்து, முதுகை நிமிர்த்தி, மேட்டின் உச்சியில் நின்று எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளுக்கும் மறுதாளுக்கும் இம்மியும் வித்தியாசமில்லை. ஓட்டினால் அசையாது. அவன் பென்சிலை எடுத்து அவள் முதுகில் மறுபடியும் கூடையைப் போட முயன்றான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆளின் துணிச்சல் அப்படி. ஆனால் கழுத்தை அத்தனை தூரம் நிமிர்த்த முடியவில்லை. படம் விழாவுக்குப் போகவில்லை.

நாளாக ஆகக் குனிவு கூடியது. கட்டிலில் படுத்தால் பலகை கிறீச்சிட்டது. கதிரையின் பிரம்பு அறுந்தது. நெற்றியின் குறுக்கே, மயிர் தொடங்கும் இடத்தில், ஒரு பள்ளம் விழுந்து தோல் தடித்தது. டிலானி லீவு போட்டுவிட்டு அவனை மடவளையில் ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனாள். நல்ல வெயில் நேரம். வாங்குப் பலகையில் ஆட்கள் நிறைய இருந்தார்கள்.

மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் மிஸ் அனீஸா தலை நிமிராமலே எடை மிஷினைக் காட்டினாள். “ஏறி நில்லுங்க.”

பிரதீஸ் ஏறினான். முள் சுற்றிக்கொண்டு போய் ஓரத்தில் முட்டி நின்றது. அனீஸா மிஷினைக் குனிந்து பார்த்தாள்.

“சேர், முதுகில இருக்கிற சாமான கீழ வெச்சிட்டு ஏறுங்க. ஈரமும் சொட்டுது பாருங்க.”

“என்கிட்ட ஒண்ணும் இல்லயே” என்றான் பிரதீஸ். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

அனீஸா அப்போதுதான் நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். கதிரையைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

பிரதீஸின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டி மனைவியைத் தேடினான்.

“டிலானி, பின்னால வந்து கொஞ்சம் தாங்கிப் புடிங்க.”

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் அந்தக் குரலில் எதுவும் கேட்டதில்லை. டிலானி அழுதுகொண்டே இரண்டு அடி வந்தாள். கையை நீட்டினாள். அவன் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் விரல்கள் நனைந்தன. கையை இழுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, பின்னோக்கியே நடந்து வாசலுக்குப் போனாள்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஆள் வரும் மட்டும் பிரதீஸ் அங்கேயே நின்றான்.